தேரிக்காட்டில் ஒரு நாள்

போன மே மாத லீவில் அம்மாவும் நானும் அப்பாவைப் பார்க்கத் திருச்செந்தூர் பக்கம் போனோம். அப்பா அங்கே கட்டட வேலை செய்கிறார். பொங்கலுக்குக்கூட சித்தேரிக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்களைக் குதிரைமொழித் தேரிக்குக் கூட்டிப்போனார். அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. பார்க்கும் இடமெல்லாம் சிவப்பு மணல் மேடு. பாலைவனம் மாதிரியே இருந்தது. மணலில் இரும்பு கலந்திருப்பதால்தான் அந்த நிறம். அங்கங்கே பனை மரம், முந்திரி மரம். மயில் அகவும் சத்தம் கேட்டது. ஒரு உடும்பு குடுகுடுவென்று ஓடிப் புதருக்குள் புகுந்துவிட்டது.

நம்ம மலையில் கல்லும் முள்ளும் ஏறிப் பழகிய கால்தானே என்று நான் முன்னால் ஓடினேன். ஆனால் மணலில் ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்குகிறது! மூச்சு வாங்கியது. அப்புறம் அப்பா முன்னால் போக, அவர் கால் தடத்திலேயே கால் வைத்து நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அந்தத் தடத்தைக் காற்று மூடிவிட்டது. வைகாசிக் காற்றில் மணல் மேடே இடம் மாறுமாம்.

உள்ளே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். அவ்வளவு மணலுக்கு நடுவில் சுனைத் தண்ணீர்! அங்கே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம்.

"அப்பா, நீ எப்பப்பா ஊருக்கு வருவ?" என்று கேட்டேன்.

அப்பா ஒன்றும் பேசாமல் என் செருப்பு மணலைத் தட்டிவிட்டார். பிறகு, "சாமை அறுப்புக்கு வந்துடறேன் கண்ணு" என்றார்.

நம்ம காட்டில் இப்போது சாமை கதிர் விட்டிருக்கிறது. தினமும் கடைசி பஸ் வரும்போது நான் வாசலில்தான் நிற்கிறேன்.