கை ஒடிந்த மாவளா

தீபாவளி நெருங்கினால் புனே வீட்டு வாசல்களில் கோட்டை முளைக்கும். செங்கல்லும் கோணிச்சாக்கும் அடுக்கி, மேலே சேறு பூசிப் பிள்ளைகள் கட்டுவது. சரிவில் அளீவ் விதை தூவினால் சில நாளில் புல்போலப் பச்சை. உச்சியில் சிம்மாசனத்தில் சிவாஜி, படியெங்கும் வாளேந்திய அவருடைய மாவளே வீரர்கள். அந்தக் குட்டி பொம்மைகளை இங்கே 'சித்ர' என்கிறார்கள். நம் கொலுவுக்குச் செட்டியார் பொம்மை எப்படியோ, கோட்டைக்கு இவர்கள் அப்படி.

பக்கத்து வீட்டுப் பையனின் தானாஜிக்கு வலது கை ஒடிந்துவிட்டது. தானாஜி மாலுசரே 1670-இல் சிங்ஹகட் கோட்டையைப் பிடிக்கப் போய் அங்கேயே உயிர்விட்டவர். கேடயம் உடைந்தும் சண்டையை விடவில்லை என்று கதை. வாள் பிடிக்கும் கையே இல்லாமல் அவரை எப்படி நிறுத்துவது? குழாய் ஒழுகலுக்கு வாங்கிவைத்த எம்-சீலை எடுத்தேன். கையை ஒட்டியதோடு நிற்காமல், ஆசை பெருகி ஒரு முழு மாவளாவையே செய்து பார்த்தேன். தலைப்பாகை மடிப்பைக் கீறும்போது கால் நசுங்கியது, காலைச் சரிசெய்தால் மூக்கு போனது.

அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கஸ்பா பேட்டில் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவுக்குப் போனேன். வழியெல்லாம் அகல் விளக்குக் குவியல். ஒரு வாசலில் பெரியவர் ஒருவர் இரண்டு பாதி அச்சிலும் களிமண்ணை அமுக்கி, விளிம்பில் குழம்பு மண் தடவி ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஓர் அம்மா ஒரு தட்டு வீரர்கள் எல்லோருக்கும் முதலில் தலைப்பாகை நிறம், பிறகு எல்லோருக்கும் மீசை என்று தீட்டிக்கொண்டு போனார். கண் கடைசியில்தானாம். கை நடுங்கினால் அதுவரை செய்ததெல்லாம் வீண்.

என் மாவளாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெரியவர், "ஒரே மூச்சுல முடிச்சீங்களா, தாதா?" என்றார்.

"ஆமாம் காகா."

அவர் சிரித்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

களிமண் நமக்காகக் காத்திருக்கும். ஈரத்துணி போர்த்திவைத்தால் நாளைக்கும் இளக்கமாக இருக்கும். எம்-சீலோ காய்வதால் இறுகுவதில்லை. பிசினும் இறுக்கியும் கலந்த கணமே வேதிவினை தொடங்கிவிடும், தண்ணீருக்குள் போட்டாலும் நிற்காது. சம அளவு எடுத்து, கோடு தெரியாமல் ஒரே நிறமாகும்வரை பிசையவேண்டும். அளவு தவறினால் பிசுபிசுப்பு போகாது. ஆரம்பத்தில் விரலோடு வரும், அதனால் கருவியை நனைத்துக்கொள்ளவேண்டும். கையுறையும் வேண்டும், இறுகாத பிசின் சிலர் தோலுக்கு ஒவ்வாது. கொஞ்சம் விறைத்த பிறகுதான் மடிப்பும் மீசையும் கூர்மையாக நிற்கும். நானோ பிசைந்தவுடனே மீசை கீறினேன்!

இந்தக் கலவையில் பொம்மை செய்பவர்கள் முதலில் கம்பியில் எலும்புக்கூடு வைத்து, உடம்பை மட்டும் பூசி இறுகவிடுகிறார்கள். மறுநாள் கால்சட்டை, அதற்கடுத்து அங்கி. இறுகிய அடுக்கு அடுத்ததைத் தாங்கும், தவறினால் மேலடுக்கு மட்டுமே போகும். அச்சுக்காரருக்கோ ஒரு மூலப்பொம்மையை ஒருமுறை செதுக்கினால் போதும், பிறகு எத்தனை தானாஜி வேண்டுமானாலும் வருவார்கள். அவருடைய கவலையே வேறு. போகிற மழை திரும்பிவந்து தட்டு முழுவதையும் காயவிடாமல் செய்வது.

கிளம்பும்போது, கழித்துக்கட்டிய குவியலிலிருந்து வலது கை இல்லாத ஒருவனைத் தேடியெடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இன்றிரவு அவன் தோளில் ஊசியால் துளைபோட்டுக் கம்பியை மட்டும் செருகியிருக்கிறேன். எம்-சீல் நாளைக்கு.