பஸ்ஸில் கதைக்கிற தமிழ்

இன்டர்ன்ஷிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் பிடித்து, விடியப்புறம் வெள்ளவத்தையில் இறங்கினேன். மூன்று மாதம். சம்பளம் இல்லை, றூம் வாடகை அப்பாதான் அனுப்புகிறார்.

வெள்ளவத்தையில் பிரச்சினை இல்லை. மரக்கறிக்கடையிலும் தமிழ்தான். ஆனால் கொள்ளுப்பிட்டி போக 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் வாய் தானாக மூடிக்கொள்ளும். 'பஹினவா' என்று சொல்லத் தெரியும், சொல்ல வராது. வேறு ஆராவது இறங்கும்வரை இருந்துவிட்டு, ஒரு ஹோல்ட் திரும்பி நடப்பேன்.

ஒருநாள் பஸ்ஸுக்குள் அம்மாவின் கோல். வாயைப் பொத்திக்கொண்டு "பிறகு எடுக்கிறன்" என்றேன். இரவு அம்மா கேட்டா, "ஏன் பிள்ளை குசுகுசுத்தனி? ஆரும் ஏதும் சொன்னவையே?"

ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வெளியேற்றியபோது நான் சின்னக் குழந்தை. எல்லாம் வீட்டில் சொல்லக் கேட்டதுதான். காணாத ஒன்றுக்கு எப்படிப் பயப்படப் பழகினேன்?

அடுத்த கிழமை திரும்பவும் பஸ்ஸில் கோல். "ஓமம்மா, சாப்பிட்டிட்டன். இடியப்பமும் சொதியும்" என்று வீட்டில் கதைக்கிற மாதிரியே சொன்னேன். முன் சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஏனென்று தெரியாது.

"மெல்லக் கதை பிள்ளை, பஸ்ஸெல்லே" என்றா அம்மா.

அப்பதான் விளங்கியது, ஆரிடம் பழகினேன் என்று. அம்மாவில் கோபம் வரவில்லை. குரலையும் குறைக்கவில்லை.

கொள்ளுப்பிட்டி வந்தது. "பஹினவா" என்றேன். பஸ் நின்றது.