மன்னாரைத் தாண்டிச் செல்லும் வான்வழி

மாணவர்கள் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்த நிலப்படம் ஒன்றை விரித்து, கட்டுநாயக்காவையும் சென்னையையும் அடிமட்டத்தால் இணைத்துக் கோடு கிழித்துப் பார்க்கட்டும். ஏறக்குறைய 645 கிலோமீற்றர் வரும் அக்கோடு, மன்னார்ப் பட்டினத்துக்குச் சற்றுக் கிழக்காகச் செல்வதைக் காண்பார்கள். ஜெட் விமானத்துக்கு இது ஒன்றரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம். கோட்டின்படி பறந்தால், புறப்பட்ட இருபதாவது நிமிடமளவில் மன்னார் வந்து, போயும் விடும்.

ஆயினும், இரு நாடுகளுக்கும் இடையே கடல் மிகக் குறுகியிருப்பது இங்கேதான். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் முப்பது கிலோமீற்றர் அளவே. விமான வேகத்துக்கு இரண்டு மூன்று நிமிடம்! ஆனால் மன்னார்க் குடும்பமொன்று இராமேசுவரம் சென்று வர விரும்பினால் செய்ய வேண்டியது என்ன? தெற்கே முந்நூறு கிலோமீற்றரளவு தரைவழி சென்று கட்டுநாயக்காவில் விமானம் ஏறவேண்டும். 350 கிலோமீற்றர் பறந்து மதுரையில் இறங்கவேண்டும். பின்னர் 170 கிலோமீற்றர் மீண்டும் தரைவழி. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எமக்குத் தெரியவில்லை.

முன்னர் இவ்வாறு இருந்ததில்லை. 1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தலைமன்னார் வரை இருப்புப்பாதையும் வந்தது. சென்னையில் வாங்கிய ஒரே சீட்டுடன் புகைவண்டி, கப்பல், மறுபடியும் புகைவண்டி என்று மாறிக் கொழும்பை அடையலாம். 1947 டிசம்பரில் எயார் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்த பின்னரும், பணமில்லாதவர்க்குக் கப்பலே கதியாயிருந்தது.

அக்கப்பலில் சென்றவர்கள் யாவரும் யாத்திரிகர் அல்லர். மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் இவ்வழியாகவே வந்தனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், தாம் கண்டிராத ஊர்களை நோக்கி, இதே துறையில்தான் கப்பலேறினர். பிறந்த மண்ணைக் கப்பலின் மேற்றட்டிலிருந்து பார்த்தபடி பிரிவதற்கும், மேகத்துக்கு மேலே கண்ணயர்ந்து பிரிவதற்கும் வேறுபாடு உண்டன்றோ? உறவுகளைப் பிரித்த அத்துயரத்தைக் கிலோமீற்றரில் எப்படி அளப்பது!

அதே 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் போர் மூண்ட 1980களில் நின்றது. கப்பல் நின்ற கடலை அகதிகள் பேசாலை முதலிய கரைகளிலிருந்து மீன்பிடி வள்ளங்களில் கடந்தனர்; எல்லோரும் கரை சேர்ந்தாரில்லை.

தலைமன்னார் இறங்குதுறை வரையிலான இருப்புப்பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே, இதனினும் மூன்று மடங்குக்கு மேல் அகன்ற கடலில், பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. தலைமன்னாரில் புகைவண்டியை விட்டு இறங்குபவருக்கு எதிரே பழைய துறையின் தூண்கள் மட்டுமே நிற்கின்றன.