முதலில் சூடு

மகள் சிறுமியாக இருந்த காலம். ஒஸ்லோவில் ஒக்டோபர் மாதக் கடைசி. குரூருட்டில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே, உதிர்ந்த இலைகளுக்குள் நின்றதென்று ஒரு குட்டியைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். கைப்பிடியளவு, மேலெல்லாம் முள். நோர்வீஜியர் ‘பிக்ஸ்வின்’ என்பார்கள். முட்பன்றி என்று பொருள். ஆனால் ஊரில் நாங்கள் அறிந்த முள்ளம்பன்றி அல்ல, முள்ளெலி. இரவில் திரியும் பிராணி. அதன் குட்டி பட்டப்பகலில் தனியே தள்ளாடினால் ஏதோ பிழை.

“அப்பா, பசிக்குதுபோல. பால் குடுப்பம்.”

எனக்கும் அதுதான் தோன்றியது. பிரிட்ஜைத் திறந்தபோது ஊரின் ஆட்டுக்கொட்டில் நினைவுக்கு வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. மார்கழி மழை. மறியாடு குட்டி ஈன்ற இரவே செத்துப்போயிற்று. குட்டி சாக்கின்மேல் நனைந்து விறைத்துக் கிடந்தது. அம்மம்மா எழும்புமுன் தங்கச்சியின் போத்தலில் பசுப்பாலை நிரப்பி, குட்டியின் தலையைத் தூக்கிப் பிடித்துப் பருக்கினேன். இரண்டு தரம் இருமிற்று. விடியமுன் செத்துவிட்டது.

“பால் பிந்திப்போச்சு மோனை” என்றா அம்மம்மா. அதையே நம்பியிருந்தேன்.

பிரிட்ஜை மூடிவிட்டு மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் முதலில் கேட்டது, “வயிறு சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா?” என்றுதான். குளிர்ந்த குட்டிக்குப் பால் சமிக்காது. விழுங்கப் பலமில்லாததால் நுரையீரலுக்குள்ளும் போய்விடும். முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதன் பின்னரே உணவு. முள்ளெலிக்கு மாட்டுப்பால் எப்போதும் ஆகாது, வயிற்றோட்டம் வந்துவிடும்.

சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்தோம். ஒரு மணித்தியாலத்தில் மூக்கு அசைந்தது. மூடியில் வைத்த தண்ணீரை நக்கிற்று. இரவு, பூனைகளுக்கான தகர உணவில் கொஞ்சம் தின்றது. காலையில் வைத்தியரிடம் ஒப்படைத்தோம். குளிர்கால உறக்கத்துக்குப் போக ஏறக்குறைய 600 கிராமாவது இருக்கவேண்டும். இது அதில் பாதிகூட இல்லை.

எல்லாக் குட்டியையும் இப்படித் தூக்கிவரக்கூடாதென்று மகளுக்குச் சொன்னேன். ஜூன் மாதத்தில் மரிடாலன் புல்லுக்குள் மான்குட்டி தனியே படுத்திருக்கும். தாய் எங்கோ மேய்ந்துகொண்டிருக்கும். நாளில் சில தரம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். தனித்திருப்பதெல்லாம் அனாதையல்ல.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த ஆட்டுக்குட்டியைத் துடைத்து, அடுப்படியில் வைத்துச் சூடாக்கி, எழுந்து நின்ற பின், அயலில் புதிதாக ஈன்ற ஆடொன்றின் கடும்புப்பாலைக் கொடுத்திருக்கவேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி ஆட்டுக்குட்டிக்குத் தாயின் வயிற்றில் கிடைப்பதில்லை; முதல் நாளின் கடும்புப்பாலில்தான் கிடைக்கிறது.

இதெல்லாம் அம்மம்மாவுக்குத் தெரியாததா? வாழ்நாள் முழுவதும் ஆடு வளர்த்த மனுசி. பால் பிந்தவில்லை, முந்திவிட்டது என்று அவ அறிந்திருப்பா. பத்து வயதுப் பிள்ளை அதைச் சுமக்கவேண்டாமென்று மாற்றிச் சொல்லியிருக்கிறா.

1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அவவும் போனா. அடுத்த வருசம் வன்னியில் ஒரு கொட்டிலில் செத்துப்போனா. நான் இங்கே இருந்தேன். கேட்க முடியாமற் போயிற்று.