வெள்ளிக்கிழமை யாருக்கு?

மகாராஷ்டிராவின் மாலேகான், விசைத்தறி ஊர். வெள்ளிக்கிழமை தறிகள் நிற்கும். தறிக்காரர்கள் சினிமாவுக்குப் போவார்கள். அங்கே வீடியோ பார்லர் நடத்திவந்த ஷேக் நாசிர், 2000ஆம் ஆண்டு ‘மாலேகான் கே ஷோலே’ எடுத்தார். செலவு சுமார் 50,000 ரூபாய். கொள்ளையர்கள் குதிரைக்குப் பதில் சைக்கிளில் வந்தார்கள். மாட்டுவண்டியே கேமராவைத் தூக்கும் கிரேன். பிறகு எடுத்த படத்தில் சூப்பர்மேனாகப் பறந்தவர் ஷஃபீக் ஷேக், ஒல்லியான விசைத்தறித் தொழிலாளி. புகையிலைக் கும்பலோடு மோதும் நாயகன் அவர். பின்னாளில் புற்றுநோயில் இறந்தார். இந்தப் படப்பிடிப்பை ஃபைசா அகமது கான் என்ற பெண் இயக்குநர் 2008இல் ஆவணப்படமாக்கினார். ரீமா காக்தி 2024இல் நாசிரின் கதையை முழுநீளப் படமாக்கினார்.

பென்னலூரில் என் மாணவிகளுக்கு அந்த ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். படம் முடிந்ததும் ஒருத்தி கேட்டாள்: “அந்த ஊர்ல பொண்ணுங்களே இல்லையா மேம்?”

இருக்கிறார்கள். நடிக்கத்தான் விடமாட்டார்கள். அதனால் நாயகியை வெளியூரிலிருந்து அழைத்து வந்தார்கள்.

பணமில்லாமலும் படம் எடுக்கலாம் என்பதற்கு நாசிரை உதாரணம் காட்டுவார்கள். சரிதான். ஆனால் அந்த ஆண்களிடம் பணத்தைவிடப் பெரிய முதல் ஒன்று இருந்தது: வாரத்தில் ஒரு நாள், கூடி நிற்க ஒரு தெரு. அதே ஊர்ப் பெண்களுக்கு அந்தத் தெரு இல்லை.

என் மாணவிகளின் அக்காமார் சிலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிப்டு பார்க்கிறார்கள். நாசிரின் பழைய வீடியோ கேமராவைவிடத் துல்லியமாகப் படம் பிடிக்கும் செல்போன்கள் இந்தப் பெண்களின் கைப்பட உருவாகி உலகெங்கும் போகின்றன. ஷிப்டு முடிந்தால் கம்பெனி பஸ், பஸ் நின்றால் விடுதிக் கதவு. விடுமுறை நாளில் துணி துவைக்க வேண்டும், தூங்க வேண்டும், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். கதை சொல்லவும் சண்டை போட்டு நடிக்கவும் பொழுது ஏது?

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றபோது, இந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். சண்டைக் காட்சிக்குத் தேவையான துணிச்சல் இவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, கேமராவும் இருக்கிறது. கிடைக்காதது ஒரு வெள்ளிக்கிழமை. பெண்கள் ஏன் ஆக்‌ஷன் படம் எடுப்பதில்லை என்று கேட்பவர்கள், முதலில் அவர்களின் ஷிப்டு அட்டவணையைப் பார்க்கட்டும்.