சத்வாவிலிருந்து ஒரு கணனி

டுபாயில் சத்வா என்றால் எம்மவருக்கு முதலில் ஞாபகம் வருவது பஸ் நிலையமும் தையற்கடைகளும்தான். ஒருபுறம் ஜுமேராவின் பெரிய வீடுகள், மறுபுறம் ஷேக் சாயித் வீதியின் வானுயர்ந்த கட்டடங்கள். நடுவே பதிந்த வீடுகளில் பிலிப்பைன்ஸ்காரர், பாகிஸ்தானியர், மலையாளிகள், நாங்கள். 2008இல் ஜுமேரா கார்டன் சிற்றி என்ற திட்டத்துக்காக இங்கே பல வீடுகளை இடித்தார்கள். பணநெருக்கடி வந்து திட்டம் நின்றுபோக, மிச்சத்தில் பல தப்பிக்கொண்டன. அப்படித் தப்பிய வீடொன்றின் அறையில் நாலு பேர் இருக்கிறோம். வேலை அல் கூஸில், தொழிற்சாலையில்.

நால்வரும் வன்னிப் பிள்ளைகள். 2009இல் படிப்பு நின்றது. பிறகு மெனிக் பாம் கூடாரம். எங்களில் ஒருவரின் அக்கா மகள் இப்போது உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறாள். 2013இல் வந்த பிரிவு அது, எங்கள் காலத்தில் இல்லை. பிள்ளை கைபேசியில் புரோகிராம் எழுதிப் பழகுகிறாள் என்று கேள்விப்பட்டதும் நாலு சம்பளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாய் எடுத்து வைத்தோம்.

மடிக்கணனி சுலபம்தானே என்று கேட்பீர்கள். அதில் ஒன்று பழுதானால் முழுதும் முடங்கும். பெட்டிக்கணனியில் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். வன்னி வெயிலுக்கும் புழுதிக்கும் அதுதான் சரி.

பர்துபாயில் காலித் பின் அல் வலீத் வீதியும் அல் ஐன் சென்ரரும் கணனிச் சாமானுக்குப் பெயர்போனவை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினோம். முதற் கடைக்காரர் மின்னுகிற விளக்கு வைத்த பெட்டியைக் காட்டினார். விளக்கு படிப்பிக்குமா? பெட்டியும் திரையும் பாரமானவை, ஊரிலேயே வாங்கலாம் என்று விட்டுவிட்டோம்.

எடுத்த பாகங்களைச் சொல்லுகிறோம், யாருக்காவது உதவும். மூளையாக ரைசன் 5 5600ஜி. பெயரின் கடைசியில் உள்ள அந்த ஜி முக்கியம்: படம் காட்டும் வேலையும் அதற்குள்ளேயே இருப்பதால் தனியாகக் கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. பெரிய செலவு அதிலேயே மிச்சம். அதற்கு ஏஎம்4 என்ற பொருத்து உள்ள சிறிய மதர்போட். நினைவகம் டிடிஆர்4 தான் வேண்டும். டிடிஆர்5இன் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் உள்ளே இறங்காது. 16 ஜிபி ஒரே அட்டையாக எடுக்காமல் எட்டு எட்டாக இரண்டு எடுத்தோம். இரண்டு பாதையில் ஓடும்போது படம் வேகமாய் வரும். பழைய ஹார்ட் டிஸ்கை விட்டு எஸ்எஸ்டி. இரண்டிடத்திலும் மின்சாரம் 230 வோல்ற் அளவுதான் என்பதால் பவர் சப்ளையில் பயமில்லை, ஆனால் மலிவானதைத் தொடவில்லை. அது எரிந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

விலை பேசும்போது ஐந்து வீத வற் வரியைச் சேர்த்தே கேட்க வேண்டும், 2018இலிருந்து உள்ளது. வாறண்டி ஊருக்கு வந்து சேராது. அதனால் எல்லாவற்றையும் கடை மேசையிலேயே பூட்டி, திரையில் வெளிச்சம் வரும்வரை அசையவில்லை. கடைக்காரருக்குப் பொறுமை போனது, பிறகு அவரே தேநீர் சொன்னார்.

விசைப்பலகை எடுக்கவில்லை. இங்கு கிடைத்ததெல்லாம் ஆங்கிலத்தோடு அரபெழுத்து அடித்தவை.

மதர்போட்டை மின்காப்புப் பைக்குள் இட்டு, விசிறியோடேயே துவாயில் சுற்றி சூட்கேசின் நடுவில் வைத்தாயிற்று. பக்கங்களில் பால்மாவும் தைலமும். அடுத்த கிழமை ஒருவர் விடுமுறையில் போகிறார். கையோடு கொண்டுபோவதா, பாரத்தில் போடுவதா என்று அறையில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.