ஸ்லோவாகியாவில் ஒரு பழந்துணிக் கடை

போன வருடம் செப்டம்பர் கடைசியில் ஸ்லோவாகியாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். நித்ரா நகரத்துக் கார் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. டாட்டாவின் கையில் இருக்கும் ஜாகுவார் லேண்ட் ரோவர் 2018-இல் திறந்த தொழிற்சாலை அது. நகரத்தில் வாடகை கட்டுப்படியாகாமல், பஸ்ஸில் அரை மணி தூரத்தில் ஒரு கிராமத்தில் வீடு எடுத்திருக்கிறான். சோளக் கொல்லை, ஒரு கோயில், ஒரு மதுக்கடை, ஊராட்சி அலுவலகம். அவ்வளவுதான் ஊர். எனக்கு 90 நாள் விசா. மகனும் பேரனும் காலையில் கிளம்பிவிட்டால் ஜன்னல்தான் துணை.

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபது வருடம் தையல் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். ஊராட்சிக் கட்டடத்தில் காலியாகக் கிடந்த ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, பழைய துணிக் கடை வைக்கப் போவதாக என் மருமகளிடம் சொன்னாராம். அந்த மாதிரிக் கடையைப் பேச்சு வழக்கில் 'செகாச்' என்கிறார்கள். அதே சொல்லுக்கு உளி என்றும் பொருளாம். கையிருப்பு முழுவதையும் அதில் போட்டிருந்தார். குளிர்காலத்துக்குள் வாடகையாவது தேறாவிட்டால் நித்ராவில் துப்புரவு வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று மருமகள் சொன்னாள்.

நான் உதவிக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். சம்பளம் வாங்கவில்லை. விசா அதிகாரிகள் யாராவது படித்தால் குறித்துக்கொள்ளட்டும். அந்த அம்மா என்னை 'உயோ' என்று கூப்பிடுவார். அங்கே வயதான ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சொல்லின் பழைய பொருள் தாய்மாமன். ஆக, மருமகளுக்கும் மாமா, கடைக்காரம்மாவுக்கும் மாமா.

முப்பத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்தக் கடையின் காகிதங்களைப் பார்க்கவே ஆசையாக இருந்தது. மாவட்ட அலுவலகத்தில் தொழில் உரிமம். கடை திறந்திருக்கும் நேரத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் வாங்கும் மிஷின், வரி அலுவலகத்தோடு இணையத்தில் இணைந்தது. 2019 முதல் சின்னக் கடைக்கும் அதுதான் சட்டம். ஒரு யூரோவுக்குச் சட்டை விற்றாலும் அந்தக் கணமே அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடும். நம் அலுவலகத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை பேருக்குத் தூக்கம் போயிருக்கும்!

எனக்குக் கிடைத்த வேலை, விலைச் சீட்டு எழுதுவது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் என் 7-க்கு இடுப்பில் ஒரு கோடு உண்டு. புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்காக மேலதிகாரியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அங்கே எல்லாரும் 7-க்குக் கோடு போடுகிறார்கள். எழுபது வயதுக்கு மேல் என் 7-க்கு ஒரு நாடு கிடைத்தது. சொற்கள்தான் காலை வாரின. பிரெஞ்சில் 'வெஸ்த்' என்றால் கோட்டு. அவர்களுடைய 'வெஸ்தா' கையில்லாத உள்சட்டை. பதினாலு கோட்டுகளுக்கு 'வெஸ்தா' என்று எழுதி மாட்டிவிட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கிழித்தார்.

கடை திறப்பை ஊர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் ஒரு நாட்டுப்பாட்டு, பிறகு அறிவிப்பு. உருளைக்கிழங்கு வண்டி வருவது, குடிநீர் நிற்பது எல்லாம் அதில்தான். நம்மூர்த் தண்டோராவுக்கு மின்சாரம் கொடுத்த மாதிரி.

கூட்டம் வந்தது. பெண்கள் வந்தார்கள், துணியைத் தொட்டுப் பார்த்தார்கள், ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள், போய்விட்டார்கள். இரண்டு வாரம் இதே கதை. விலையைக் குறைத்துப் பார்த்தும் பயனில்லை. இத்தனைக்கும் அதே பெண்கள் சனிக்கிழமை பஸ் ஏறி நித்ராவுக்குப் போய், அங்கே எடை போட்டு விற்கும் பழந்துணிக் கடையில் பை நிறைய வாங்கி வருகிறார்கள்! அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் எல்லாம் உதவி என்று தங்கள் அலமாரியைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். கடையில் பாதித் துணி அந்த ஊருடையது. எடுத்துப் பார்ப்பவருக்கு அது யாருடைய ரவிக்கை என்று தெரியும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று மருமகளை வைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் சொன்னேன். எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவரை நாங்கள் சொல்தா என்போம். அந்த வீட்டம்மா நல்ல மனதோடு, தன் பையனுக்குச் சின்னதாகிப்போன ஒரு நீலக் கால்சட்டையை என் அம்மாவிடம் கொடுத்தார். அசல் பிரான்சுத் துணி. பெருமையாகப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அந்தப் பையன் என் வகுப்புதான். "இது என்னுடையது" என்று பிரெஞ்சில் சொன்னான். நான் இல்லை என்றேன். "வலது பையைத் திருப்பிக் காட்டு, மைக்கறை இருக்கும்" என்றான். நாலு பேர் சேர்ந்து என் பையை வெளியே இழுத்தார்கள். கறை இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டது என்றேன். கிழித்தது நான்தான், பிளேடால். அம்மா அதைத் தைத்துத் திரும்பக் கொடுத்துவிட்டாள், அது வேறு விஷயம்.

மருமகள் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு மீதியை மொழிபெயர்த்தாள்.

என் யோசனை சுலபமானது. இந்த ஊர்த் துணி இந்த ஊரில் வேண்டாம். முப்பது கிலோமீட்டர் தள்ளி அந்த அம்மாவோடு தையல் வேலை பார்த்த ஒருவரும் இதே கடை வைத்திருந்தார். மூட்டைக்கு மூட்டை மாற்றிக்கொண்டார்கள். நகரத்தில் துணி பிரிக்கும் கிடங்கிலிருந்து கிலோ கணக்கில் இன்னும் இரண்டு மூட்டை. உள்ளே என்ன இருக்கும் என்று பிரித்தால்தான் தெரியும். முதல் மூட்டையில் பாதி நீச்சலுடை, அக்டோபர் மாதத்தில்! ஆனாலும் அந்த வாரம் ஒரே நாளில் 11 துணி விற்றது. 34 யூரோ. நான்தான் நோட்டில் எழுதினேன்.

நவம்பர் 1, நமக்குப் புதுவை விடுதலை நாள். அவர்களுக்குக் கல்லறைக்குப் போகும் நாள். இருட்டியதும் கல்லறைத் தோட்டம் முழுக்க விளக்கு. அதற்கடுத்த வாரம் ஒரு பாட்டி கனமான கறுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். இறந்துபோன கணவருடையது. நான் என் விதிப்படி வெளியூர் மூட்டையில் வைக்கப் போனேன். பாட்டி என் கையைப் பிடித்துவிட்டார். படபடவென்று பேசினார். "அங்கே போய்விட்டால் நான் எப்படிப் பார்ப்பேன்? இது இந்தத் தெருவிலேயே நடக்கட்டும்" என்கிறார் என்றாள் மருமகள்.

எனக்கு உடன்பாடில்லை. எல்லாருக்கும் தெரிந்த கோட்டை எவன் வாங்குவான்? நானே போட்டுப் பார்த்தேன், முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கை விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. மூன்று வாரம் மாட்டியே கிடந்தது.

டிசம்பர் முதல் வாரம் பனி பெய்தது. ஊராட்சியில் தெருப்பனி தள்ளும் இளைஞன் ஒருவன் வந்து, நேரே அந்தக் கோட்டிடம் போனான். யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லித்தான் விலை கேட்டான். 8 யூரோ. என் கோடு போட்ட 7 என்று எழுதி அடித்துத் திருத்தியது அந்த அம்மா.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். பாட்டி கடைப் பையோடு வந்தார், நின்றார். அவன் தொப்பியைக் கழற்றினான். பாட்டி அவன் கழுத்துப் பட்டியை நிமிர்த்தி, மேல் பொத்தானைப் போட்டுவிட்டு ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான்.

என்ன சொன்னார் என்று மருமகளிடம் கேட்டேன்.

"உள் பையில் ஓட்டை இருக்கிறதாம், மாமா. சில்லறை போட வேண்டாமாம்."